வந்தவளும் இருந்தவர்களும்

பேரியந்திர மனிதர் போர்புரியும் யப்பானியச் சித்திரத் தொடர்களைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். சிறுவர்க்கு விளையாட்டுப் பொம்மை விற்பதற்காகப் பிறந்த கதைகள் அவை என்பர். அக்கூற்றிற் பெரும்பகுதி உண்மையே. ஆயினும், காவியமென்றும் நாடகமென்றும் நாம் போற்றுவனவற்றிலும் அரிதாகவே கைகூடும் ஒரு நுட்பம் அத்தொடர்களுட் சிலவற்றில் வெகு இயல்பாக அமைந்திருக்கக் கண்டேன். முன்னரே கூடியிருக்கும் ஒரு சிறு குழுவிற் புதியவர் ஒருவர் வந்து புகும்போது அக்குழுவுக்கு நேர்வது யாது என்பதைக் காட்டும் நுட்பமே அது.

நெடுங்காலம் வகுப்பறையிலே நின்றவன் நான். தவணையின் நடுவிலே வேற்றூரிலிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால், இடாப்பில் ஒரு பெயர் கூடிற்று என்றே அலுவலகத்தார் கருதுவர். வகுப்பினுள்ளே நிற்பவனுக்கோ கூடியது ஒன்றன்று என்பது தெரியும். அதுவரை முதலாம் பிள்ளையாக இருந்தவனின் முகம் மாறுகின்றது. வாய்திறவாதிருந்த ஒருத்தி பேசத் தொடங்குகின்றாள். இணைபிரியாத இருவர் வேறுவேறு வாங்குகளில் அமர்கின்றனர். பழைய கணக்கு முழுவதையும் அழித்து எழுதவேண்டியிருக்கின்றது. என் பெறாமகன் ஒருவனின் வற்புறுத்தலால் 'எவாங்கெலியன்' என்னும் தொடரைப் பார்க்க நேர்ந்தபோது, இந்தக் கணக்கை இத்துணைத் துல்லியமாக எழுதத் தெரிந்த ஒருவர் யப்பானிலே இருக்கின்றாரே என்று வியந்தேன்.

அத்தொடருக்கு வருமுன் அதன் மூதாதையரைச் சற்று நோக்குதல் நன்று. 'டெட்சுஜின் 28' என்ற பழைய கதையிலே சிறுவன் தொலைவில் நின்று இயந்திர மனிதனை ஏவினான். 1972 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய கோ நகாயின் 'மஸிங்கர் இசட்' தொடரிலே சிறுவன் இயந்திரத்தின் தலையினுள்ளே ஏறி அமர்ந்தான். ஓர் இயந்திரம், ஓர் இருக்கை, ஒருவன். துணைவர் இருந்தனரேனும் அவர் புறத்தே நின்றவரே. 1974 ஏப்பிரலில் வந்த 'கெட்டர் ரோபோ' இந்த அமைப்பை மாற்றியது. நகாயும் கென் இஷிகாவாவும் ஆக்கிய அக்கதையிலே மூன்று விமானங்கள் வானத்திற் பறந்தபடியே ஒன்றன்பின் ஒன்றாக மோதி இணைந்து ஒரு பேருருவாகின்றன. எந்த வரிசையில் இணைகின்றன என்பதைப் பொறுத்து உருவம் மூன்று வகைப்படும். வானிற் பொருவதற்கு ஒன்று, நிலத்திற்கு ஒன்று, நீருக்கு ஒன்று. முன்னே நிற்கும் விமானம் எவனுடையதோ அவனே அப்போது தலைவன். மற்றையிருவரும் உடலாகவும் காலாகவும் இருப்பர். தலைமை என்பது ஓரிடத்தில் நில்லாமல் தேவைக்கேற்பக் கைமாறும் என்ற கருத்தை இதனினும் எளிதாகச் சிறுவர்க்கு உணர்த்துதல் அரிது.

அம்மூவருள் ஒருவனான முசாஷி 1975 மே மாதத்திலே, தொடரின் முடிவில், தன்னுயிரைக் கொடுத்துப் பகைவரை அழிக்கின்றான். அதே மாதத்தில் 'கெட்டர் ரோபோ ஜீ' என்ற பெயரிற் கதை தொடர்ந்தது. வெறுமையாகிய மூன்றாவது இருக்கையில் பெங்கேய் என்னும் புதியவன் வந்து அமர்ந்தான். யப்பானியரின் பழங்கதைகளிலே பெரும் பலசாலியாகப் போற்றப்படும் துறவிவீரன் ஒருவனின் முழுப்பெயர் முசாஷிபோ பெங்கேய் என்பதாகும். ஒரே பெயரின் முற்பாதி இறந்தவனுக்கும் பிற்பாதி வந்தவனுக்கும் அமைந்துவிட்டன. ஆக்கியோர் கருத்து எதுவாயினும், கண்முன் நிற்கும் விளைவு இதுதான்: முசாஷி பருத்த உடலினன், மற்போரில் வல்லவன், நகைப்பூட்டுபவன், பெங்கேயும் பருத்த உடலினன், பந்தாட்டத்தில் வல்லவன், நகைப்பூட்டுபவன். இருக்கைக்கு ஏற்ற மனிதன் வார்த்தெடுக்கப்பட்டான். இறந்தவனுக்காக மற்றையிருவரும் வருந்துகின்றனரேயன்றி, வந்தவனால் அவர்கள் பெரிதும் மாறவில்லை. கெட்டர் ரோபோவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒருவன் இறந்தால் அவனிடம் வெற்றிடமாகும் என்பதையே அக்காலச் சிறுவர் தொடர்கள் பல ஒப்புக்கொண்டதில்லை. ஆயின் வருபவன் அவ்விடத்தை அளவாக நிரப்புபவனாகவே இருந்தான்.

இருபதாண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 4 ஆம் நாள் தொடங்கி 1996 மார்ச் 27 ஆம் நாள் முடிந்த இருபத்தாறு பகுதிகளில், ஹிடேயாக்கி அன்னோ என்னும் இயக்குநர் இக்கணக்கைத் தலைகீழாக்கினார்.

'எவாங்கெலியன்' கதை 2015 ஆம் ஆண்டில் நிகழ்வதாகக் கற்பிக்கப்பட்டது. உலகின் பெரும்பகுதியை அழித்த ஓர் ஊழிக்குப் பின்னர், 'ஷித்தோ' எனப்படும் விந்தைப் பகைவர் ஒருவர்பின் ஒருவராக மூன்றாம் டோக்கியோ நகரைத் தாக்க வருகின்றனர். அப்போஸ்தலர் என்று பொருள்படும் அச்சொல்லை ஆங்கிலத்தார் தேவதூதர் என்று பெயர்த்து வழங்குகின்றனர். நாமும் தூதர் என்போம். அவர்களை எதிர்க்க எவா என்னும் பேருருவங்கள் உண்டு. அவற்றைச் செலுத்தப் பதினான்கு வயதுப் பிள்ளைகளாலேயே முடியும். இங்கு இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். எவா முதுகிலே மின்வடம் பூட்டியே இயங்கும். வடம் அறுந்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். இது முதலாவது. செலுத்துபவரின் உள்ளமும் எவாவும் எவ்வளவு இசைந்துள்ளன என்பது நூற்றுக்கூற்றிலே அளக்கப்பட்டு, அந்த எண் எல்லார் காணவும் அறிவிக்கப்படுகின்றது. இது இரண்டாவது. பரீட்சைப் பெறுபேற்றைப் பலகையிலே ஒட்டிவைக்கும் வழக்கமுள்ள நம் போன்றோர்க்கு இவ்விரண்டாவது செய்தியை மேலும் விளக்கவேண்டியதில்லை.

முதல் ஏழு பகுதிகளில் இருவரே செலுத்துநர். ரேய் என்பவள் முதற்பிள்ளை, பேசாதவள், தன்னுயிரை ஒரு பொருட்டாக எண்ணாதவள். ஷின்ஜி மூன்றாம் பிள்ளை. தந்தையாற் கைவிடப்பட்டு, அத்தந்தையாலேயே தேவை கருதி மீண்டும் அழைக்கப்பட்டவன். அத்தந்தையே எவாக்களை ஏவும் அமைப்பின் தலைவன். ஷின்ஜி எவாவில் ஏறுவது வீரத்தால் அன்று. ஏறாவிட்டால் யாருக்கும் வேண்டாதவனாகிவிடுவேன் என்னும் அச்சத்தால். ஆறாம் பகுதியிலே ரேய் கேடயமேந்தி அவனைக் காக்கின்றாள். போர் முடிந்தபின் அவள் இருந்த கூண்டின் கொதிக்கும் கதவைத் தன் கையாலே திறந்து அவளை அவன் மீட்கின்றான். அப்போது ஒருமுறை அவள் புன்னகைக்கின்றாள். இரு தனிமைகள் அருகருகே இருந்தன, அவ்வளவே. தொடர் இப்படியே சென்றிருந்தால் மென்மையான சோகக் கதையொன்றாக முடிந்திருக்கும்.

எட்டாம் பகுதி கடலிலே தொடங்குகின்றது. அதுவரை நகரத்துக் கொங்கிறீற்றையும் நிலத்தடிக் கூடங்களையும் கண்டு களைத்த கண்ணுக்கு நீலக்கடலும் வெயிலும் காற்றும் விருந்தாகின்றன. விமானந்தாங்கிக் கப்பலின் மேற்றளத்திலே மஞ்சட் சட்டை அணிந்த ஒரு சிறுமி இடுப்பிற் கைவைத்து நிற்கின்றாள். அஸ்கா லாங்லி சோரியு என்பது அவள் பெயர். ஜேர்மனியில் வளர்ந்தவள், யப்பானிய இரத்தமும் அமெரிக்கக் குடியுரிமையும் உடையவள். சோரியு என்பது 1942 இல் மிட்வே போரிலே மூழ்கிய யப்பானிய விமானந்தாங்கியின் பெயர். லாங்லி என்பதோ அமெரிக்கரின் முதலாவது விமானந்தாங்கியின் பெயர். ஒன்றையொன்று எதிர்த்த இரு கடற்படைகளின் பெயரைத் தாங்கியவள் விமானந்தாங்கியொன்றின் மீதே வந்து இறங்குகின்றாள். வந்த கணத்திலேயே மூன்று பையன்களைக் கன்னத்தில் அறைகின்றாள். பெயர்பெற்ற மூன்றாம் பிள்ளை யார் என வினவுகின்றாள். காட்டியதும், சோபையற்றவன் என்று தீர்ப்புரைக்கின்றாள்.

பார்வையாளர் இவளைப் புதியவள் என்று எண்ணிக்கொண்டிருக்க, இவள் தன்னைப் புதியவளாக எண்ணவேயில்லை. இவள் இரண்டாம் பிள்ளை. வரிசையில் ஷின்ஜிக்கு மூத்தவள். சிறுபராயத்திலேயே தெரிவுசெய்யப்பட்டு ஆண்டுக்கணக்கிற் பயின்றவள். நேற்று வந்தவன் அவனேயன்றித் தானல்லள் என்பது இவள் எண்ணம். ரேயின் எவா முன்மாதிரி, ஷின்ஜியின் எவா பரிசோதனைப் பொருள், என் சிவப்பு எவாவே போருக்கென்று ஆக்கப்பட்ட முதலாவது உண்மையான எவா என்று அவனிடம் பெருமை பேசுகின்றாள். குழுவொன்றிற் புதியவர் யார், பழையவர் யார் என்பதை நாட்காட்டி தீர்ப்பதில்லை. இரு தரப்பாரும் தத்தம் கணக்கிலே மற்றவரைப் புதியவராக வைத்திருத்தல் எத்தனை பாடசாலைகளில், எத்தனை சங்கங்களில் நாம் காணாதது!

பேசி முடியுமுன் கடலடியிலிருந்து ஒரு தூதர் கப்பற்படையைத் தாக்குகின்றார். அஸ்கா தன் திறனைக் காட்டும் ஆவலில் ஷின்ஜியையும் இழுத்துக்கொண்டு சிவப்பு எவாவில் ஏறுகின்றாள். ஒருவருக்கான இருக்கையில் இருவர். இயந்திரம் இயங்க மறுக்கின்றது. எவா செலுத்துபவரின் எண்ணத்தை மொழியோடு சேர்த்தே வாசிக்கும். அவள் ஜேர்மன் மொழியிலே நினைக்க, அருகிலிருப்பவன் யப்பானிய மொழியிலே நினைக்கின்றான். ஜேர்மன் மொழியில் நினை என்று அதட்டுகின்றாள். அவனுக்குத் தெரிந்த ஒரே ஜேர்மன் சொல் ஒரு பணியாரத்தின் பெயர். அதை நினைக்கின்றான். அவனைத் திட்டிவிட்டு, மொழியை யப்பானியத்திற்கு மாற்றும்படி இயந்திரத்திற்கு அவளே கட்டளையிடுகின்றாள்.

இக்காட்சி நகைச்சுவைக்காக அமைந்தது. நானும் சிரித்தேன். பின்னரே அதன் கனம் தெரிந்தது. இத்துணை ஆரவாரத்தோடு வந்தவள், இருந்தவனைத் தன் மொழிக்கு இழுக்க முயன்று இயலாதபோது, தானே அவன் மொழிக்குள் இறங்குகின்றாள். அதனை விட்டுக்கொடுத்தலாக அவளும் காட்டிக்கொள்ளவில்லை, அவனும் அறியவில்லை. அதன்பின் எவா கப்பல்களைப் படிகளாக்கித் தாவுகின்றது; கடலடியிலே இருவரும் ஒருங்கே நினைத்துத் தூதரின் வாயைப் பிளக்கின்றனர்; ஆளில்லாத இரு போர்க்கப்பல்கள் அவ்வாயினுள் இறக்கப்பட்டுச் சுடுகின்றன. வெற்றி கிட்டிற்று. ஷின்ஜி முதன்முறையாகத் தனியாக இல்லாமல் வென்றான்.

ஒன்பதாம் பகுதி இதனினும் சிறந்தது. அஸ்கா ஒரே வீச்சிலே தூதரை இரு கூறாக்குகின்றாள். கூறுகள் இரண்டும் இரு முழுத் தூதராகின்றன. இரண்டையும் ஒரே கணத்தில் வீழ்த்தினாலன்றி அழிவில்லை. எனவே அஸ்காவும் ஷின்ஜியும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே மாதிரி உடையணிந்து, இசைக்கேற்ப ஒரே அசைவினைப் பயிலவேண்டுமென்று மேலதிகாரியான மிசாட்டோ ஆணையிடுகின்றாள். பயிற்சி தவறிக்கொண்டே போகின்றது. அவனோடு இணைந்தாட யாராலும் இயலாது என்கின்றாள் அஸ்கா. அவ்வாறாயின் நீ ஆடிப்பார் என்று ரேயிடம் சொல்கின்றாள் மிசாட்டோ. ரேய் எழுகின்றாள், முதன்முயற்சியிலேயே இருவர் அசைவும் ஒன்றாகின்றது. அஸ்கா கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுகின்றாள்.

நல்லாசிரியர் ஒருவர் செய்யக்கூடாத காரியத்தை மிசாட்டோ செய்தாள் என்றே நான் கருதுகின்றேன். ஆயினும் கதையாசிரியர் செய்யவேண்டிய காரியம் அதுவே. அந்த ஓரிரு கணங்களில் மூவருடைய நிலையும் வெளிப்படுகின்றது. ரேய் எவரோடும் இசைவாள். ஏனெனின் தனக்கென்று ஓர் அசைவு அவளிடம் இல்லை. ஷின்ஜி எதிரில் நிற்பவர் கேட்பதைச் செய்வான். அஸ்காவுக்கோ தன்னசைவே உயிர். அதனை விட்டால் தன்னிடம் வேறொன்றும் இல்லையென்று அஞ்சுகின்றாள். திறமையில் மிக்கவளே மிக எளிதில் உடையக்கூடியவள் என்பது கதையின் மூன்றிலொரு பங்கு கடப்பதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகின்றது. அவளைத் தேடிச் செல்பவன் ஷின்ஜி. ஒருவர் பின்னாலும் தானாகச் சென்றறியாதவன், இவள் பின்னாற் செல்கின்றான். போருக்கு முந்திய இரவில் அவள் உறக்கத்திலே தாயை அழைப்பதைக் கேட்கின்றான். மறுநாள் அறுபத்திரண்டு வினாடிகளில் இருவரும் ஆடிப் பகையை முடிக்கின்றனர். முடித்த கையோடு, தவறு யாருடையது என்று எல்லார் முன்னிலையிலும் சண்டைபிடிக்கின்றனர்.

அடுத்த மூன்று பகுதிகளும் தொடரின் இளவேனில் எனலாம். எரிமலைக் குழம்பினுள் இறங்கிய அஸ்காவின் வடங்கள் அறுந்து அவள் அமிழும் வேளையிலே ஷின்ஜி குதித்துப் பற்றுகின்றான். பின் நகரம் முழுவதும் மின்சாரமின்றி இருண்டபோது மூவரும் காற்றுக் குழாய்களுக்குள்ளே ஊர்ந்து எவாக்களை அடைகின்றனர். மேலேயிருந்து அமிலம் சொரியும் சிலந்தியுருத் தூதரை வெல்ல, ஒருவர் அமிலத்தைத் தன் முதுகிலே தாங்கவேண்டும், ஒருவர் கீழே விழுந்த துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கவேண்டும், ஒருவர் சுடவேண்டும். எப்போதும் முன்னே நின்று சுட விழைபவள் அஸ்கா. அவளே அமிலத்தைத் தாங்கும் பணியைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றாள், எரிமலைக் கடனைத் தீர்ப்பதற்காக. போர் முடிந்தபின் மூவரும் ஒரு மேட்டிலே படுத்து விண்மீன்களைப் பார்க்கின்றனர். இருளையும் மனிதரையும் பற்றி ரேய் ஏதோ ஆழ்ந்து சொல்கின்றாள். தத்துவம் பேசத் தொடங்கிவிட்டாளே என்று அஸ்கா சலிக்கின்றாள். முன்பு ரேயிடம் இப்படிச் சலித்துக்கொள்ள யாரும் இருந்ததில்லை. அதனாலேயே அவள் பேசியதுமில்லை.

பன்னிரண்டாம் பகுதியிலே வானிலிருந்து விழும் தூதரை மூன்று எவாக்களும் கைகளாலே தாங்கிப் பிடிக்கின்றன. வென்றால் இறைச்சி விருந்து தருவதாக மிசாட்டோ சொல்லியிருந்தாள். பிள்ளைகளோ தெருவோரத்து நூடில்ஸ் வண்டிக்குச் செல்கின்றனர். ரேய் இறைச்சி உண்ணாதவள். அவளும் வரட்டும் என்று அவ்விடத்தைத் தெரிந்தவள் அஸ்கா. அன்பைச் சொல்லத் தெரியாத ஒருத்தி அதனைச் சாப்பாட்டுக் கடையின் தெரிவிலே வைத்தாள். முழுத்தொடரிலும் அக்குழு குழுவாக இருந்த உச்சம் அவ்வேளைதான். ஆனால் அதே பகுதியிலேதான், தொலைவிலிருந்து தந்தையின் குரல் ஷின்ஜியை மட்டும் பாராட்டுகின்றது. பாராட்டுப் பெறுவதன் சுவையை அவன் அறிகின்றான். விருந்தும் விதையும் ஒரே நாளில்.

கம்பனைக் கற்றோர்க்கு இங்கு ஒரு நினைவு வராமற் போகாது. குகன் வந்தபோது உடன்பிறந்தார் ஐவராயினர், சுக்கிரீவனோடு அறுவர், வீடணனோடு எழுவர். இராமனுடைய கணக்கிலே எண் ஏறிக்கொண்டே போகின்றது. ஏறுவதால் இலக்குவனுக்கு ஒரு குறைவும் இல்லை. அன்பு அங்கே பகுத்துக் கொடுக்கும் பண்டமன்று. வீடணனை ஏற்பதா என்று பாசறையிலே நிகழும் வாதத்திற்கூட, வருபவன் நம்பத்தக்கவனா என்பதே வினா. வந்தால் என் இடம் என்னாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எவாங்கெலியனில் அந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கின்றனர், வாய்விடாமலே. காரணம் வெளிப்படை. அங்கே எண்ணிக் கொடுப்பவன் இராமன். இங்கே எண்ணிக் கொடுப்பது மானி. பிள்ளையின் பெறுமதியை நூற்றுக்கூறாகக் காட்டும் அக்கருவியின் முன்னிலையில் ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்கியே ஆகவேண்டும்.

பதினாறாம் பகுதியில் அது நிகழ்கின்றது. சோதனையிலே ஷின்ஜியின் எண் அஸ்காவின் எண்ணைக் கடக்கின்றது. அவள் மிகைபடப் புகழ்கின்றாள். அடுத்த போரிலே, முதலிடம் பெற்றவரே முன்னே செல்லட்டும் என்று குத்தலாகச் சொல்ல, அவனும் இறுமாந்து செல்ல, தூதரின் நிழல் அவனை விழுங்குகின்றது. இதற்குமுன் அவன் இறுமாப்பை அறியாதவன். அதனை அவளிடமிருந்தே கற்றான். புதியவர் வந்தால் இருந்தவர் மாறுவர் என்பதன் கசந்த பக்கம் இது. அவளுடைய துணிவு அவனுக்கு வந்தது. அவனுடைய அச்சம் அவளுக்குப் போயிற்று.

இதற்கிடையில் நான்காம் பிள்ளையாகத் தெரிவுசெய்யப்பட்ட தோஜி என்பவன் குழுவில் ஒருநாளும் இருந்ததில்லை. அவன் ஏறிய எவாவைத் தூதர் கைக்கொள்ள, உள்ளிருப்பவன் தன் வகுப்புத் தோழன் என்பதை ஷின்ஜி அறியாதிருக்க, ஷின்ஜியின் எவாவே அதனைச் சிதைக்கின்றது. வந்தவனின் பெயரைக்கூட இருந்தவனுக்குச் சொல்லாத பெரியோரைக் கதை மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

இருபத்திரண்டாம் பகுதியில் அஸ்காவின் பழங்கதை திறக்கின்றது. அவளுடைய தாய் ஒரு பரிசோதனையில் அறிவு பேதலித்து, ஒரு பாவையைத் தன் மகளென்று கொஞ்சிக்கொண்டிருந்தவள். எவா செலுத்தத் தெரிவான நாளிலே அச்செய்தியைச் சொல்ல ஓடிவந்த குழந்தை கண்டது தூக்கிலே தொங்கிய தாயை. தன்னைப் பார் என்று கேட்டவள் அவள், பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை. இருக்கை அவளுக்குப் பதவியன்று, பார்வை. எண் இறங்க இறங்க எவா அவள் சொல்லைக் கேளாதாகின்றது. மின்தூக்கியில் அவளும் ரேயும் தனித்து நிற்கும் காட்சியொன்று உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிடம் படம் அசைவதேயில்லை. இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்கின்றது. பின்னர் ரேய், உள்ளத்தைத் திறவாவிடில் எவா இயங்காது என்கின்றாள். அறிவுரை சரியானதே. சொன்னவளின் கன்னத்தில் அறை விழுகின்றது. நூடில்ஸ் வண்டியின் முன் அருகருகே அமர்ந்த இருவர்தாம் இவர்கள்.

அவள் செயலிழந்து கிடக்க, இருபத்துநான்காம் பகுதியிலே அவளிடத்திற்கு ஐந்தாம் பிள்ளை வருகின்றான். நகிசா கவோரு. நகிசா என்றாற் கரை. அவன் வருகையை அஸ்காவின் வருகையோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் அம்சமும் எதிர்மாறாயிருக்கும். அவள் அறைந்தாள், இவன் புன்னகைக்கின்றான். அவள் தன்னைப் பற்றியே பேசினாள். இவன் ஷின்ஜியைப் பற்றியே கேட்கின்றான். அவளாற் செலுத்த முடியாத சிவப்பு எவா இவன் நினைத்த மாத்திரத்தில் அசைகின்றது. ஷின்ஜியை விரும்புகின்றேன் என்று நேரே சொன்ன முதல் ஆள் இவனே. ஒரே பகுதியினுள் வந்து, நட்பாகி, தானே இறுதித் தூதன் என்று வெளிப்பட்டு, ஷின்ஜியின் எவாவின் கைப்பிடிக்குள் அகப்பட்டு நிற்கின்றான். பேதோவனின் ஒன்பதாம் சிம்பனி ஒலிக்க, ஒரு நிமிடமளவு படம் மீண்டும் அசைவற்று நிற்கின்றது. பின் தலை நீரில் விழும் ஓசை.

வசையோடு வந்தவள் தோழி. கனிவோடு வந்தவன் பகைவன். இதனை வெறும் திருப்பமாகக் கொள்வது ஆழமில்லாத வாசிப்பு. கவோருவிடம் ஷின்ஜி ஒன்றையும் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. மொழியை மாற்றவோ, அசைவை ஒத்துப் பழகவோ, சண்டைபிடிக்கவோ வேண்டியிருக்கவில்லை. அத்தகைய நட்பு எத்துணை இனியது, அதனாலேயே எத்துணை ஆபத்தானது என்பதை எடுத்துரைக்க இருபத்தைந்து நிமிடம் போதுமாயிற்று. அஸ்காவோடு வாழ்வதற்கோ பதினைந்து பகுதிகளும் போதவில்லை.

அன்னோ பின்னாளில் இக்கதையைத் திரைப்படங்களாக மீண்டும் ஆக்கினார். 2009 ஜூனில் வெளியான இரண்டாவது படத்திலே, தொடரில் இல்லாத ஒருத்தி புகுகின்றாள். மாரி மக்கினாமி என்பாள். கண்ணாடி அணிந்தவள், பழைய பாட்டொன்றை முணுமுணுத்தபடி போர்செய்பவள், பாடசாலை மொட்டைமாடியிலே பரசூட்டில் இறங்கி ஷின்ஜியின் மேலேயே விழுபவள். அஸ்கா பெருங்காயமுற்றபோது அவளுடைய சிவப்பு எவாவில் ஏறிக்கொள்பவளும் இவளே. அப்படத்தைப் பார்த்த அளவில் மாரி எனக்குப் பிடிக்கவில்லை. எவர் வாழ்வையும் அவள் தொடவில்லை. சட்டத்துக்கு வெளியே வரைந்த கோலம் போல நின்றாள்.

வேறொரு மாற்றம் என்னைச் சிந்திக்க வைத்தது. இப்படங்களில் அஸ்காவின் குடும்பப்பெயர் சோரியு அன்று, ஷிக்கினாமி. ரேயின் பெயர் அயனாமி. மாரியோ மக்கினாமி. மூன்றும் போர்க்காலத்து நாசகாரிக் கப்பல்களின் பெயர்கள். மூன்றின் ஈற்றிலும் அலை என்று பொருள்படும் 'நாமி' நிற்கின்றது. விமானந்தாங்கியாகத் தனித்து நின்றவள் இப்போது மூன்று அலைகளுள் ஓரலை. இன்னொருத்தி வந்தபோது இருந்தவளின் பெயரே மாறிவிட்டது.

2021 மார்ச் 8 ஆம் நாள் வெளியான இறுதிப் படம் ஒரு புகையிரத நிலையத்திலே முடிகின்றது. அது அன்னோ பிறந்த ஊபே நகரின் ஊபே-ஷின்கவா நிலையம். ஷின்ஜி வளர்ந்தவனாக அமர்ந்திருக்கின்றான். அவனிடம் வருபவள் ரேயுமல்லள், அஸ்காவுமல்லள், மாரி. பழைய இரசிகர் பலர் இதனாற் சினந்தனர். என் சினமோ முதன்முறை பார்த்தபோது எழுந்து, இரண்டாம் முறை அடங்கிற்று. மானியின் முன்னே அவனோடு நின்றறியாதவள் அவள். அவன் எண் ஏறியதால் அவளுக்கு எதுவும் குறைந்ததில்லை. அவன் கழுத்திலே பூட்டியிருந்த வளையத்தை அவள் கழற்றுகின்றாள். அவன் எழுந்து அவள் கையைப் பற்றிக்கொண்டு படிகளில் ஏறி ஓடுகின்றான். எதிர் மேடையிலே ரேயும் கவோருவும் பேசிக்கொண்டு நிற்கின்றனர். அவர்களுக்குச் சற்று அப்பால், தனியாக, அஸ்கா.